பிஸ்கட்டை மறக்கடித்த நாள்

ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் பையன் ஒருவன்தான் குண்டாக இருந்தான். மற்ற வீட்டுக் குழந்தைகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. என் மகனுக்கோ கன்னம் உப்பி, கால் இரண்டும் உருண்டையாக இருந்தன. அவனுக்கு ஒன்பதாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகவே எனக்குக் கூச்சமாக இருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் விடமாட்டார்கள்.

"அரிசிய எங்கடி புதைச்சு வச்சிருக்க? சொல்லு, நாங்களும் வந்து தோண்டறோம்" என்பாள் ஒருத்தி.

"சும்மா இருங்கக்கா. ஜப்பான் ஆபீஸ்ல அவளுக்கு மாமன் இருக்காராம். முட்டையெல்லாம் சைக்கிள்ல வருதாம்" என்பாள் இன்னொருத்தி.

சிரித்துக்கொண்டே வாளியைக் கிணற்றில் இறக்குவேன். ஆனால் மனசுக்குள் பெருமைதான். வீட்டுக்கு வந்ததும் பையன் கன்னத்தில் இருக்கும் கரிப்பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவேன்.

எங்களிடம் அரிசியும் இல்லை, முட்டையும் இல்லை. பிஸ்கட் இருந்தது. என் கணவர் மாட்டுவண்டி ஓட்டினார். சண்டை வந்த புதிதில், தெங்கேராவில் கடலோரம் ஆளில்லாமல் கிடந்த ஒரு பங்களாவிலிருந்து சாமான் ஏற்றப் போனவர், ஒரு மரப்பெட்டியோடு திரும்பி வந்தார். பெட்டி நிறைய டின்கள். குழந்தைகளுக்கென்றே செய்த சீனி பிஸ்கட். ஒவ்வொரு டின்னிலும் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படம். சுருட்டை முடி, உப்பிய கன்னம், லேசாகத் திறந்த வாய். அந்த வீட்டில் தொட்டில்கூட அப்படியே கிடந்தது என்று அவர் சொன்னார். எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் அப்போது நான் முழுகாமல் இருந்தேன். டின்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

பையனுக்கு ஐந்து மாதம் ஆனபோது எனக்கு மலேரியா வந்தது. காய்ச்சல் போனபோது பாலும் நின்றுபோயிருந்தது. ஆட்டுப்பாலுக்குக்கூட வழியில்லை. மரவள்ளிக் கஞ்சியைக் காய்ச்சி ஊட்டினேன், துப்பினான். கருவாட்டைப் பொடித்துக் கலந்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் ஒரு டின்னைத் திறந்து, பிஸ்கட்டை உடைத்து வெந்நீரில் போட்டேன். நிமிஷத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. விரலால் தொட்டு அவன் நாக்கில் தடவினேன். கண்ணை அகல விரித்தான். அப்புறம் டின் மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே கையைக் காலை ஆட்டுவான். வேறு எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்கவே இல்லை. நாக்கு முதலில் பழகியது இனிப்பு. மற்றதெல்லாம் அதற்கு மண்ணாகத்தான் இருந்திருக்கும்.

நாங்கள் குடியிருந்தது பீபிக்கின் வீட்டில், பக்கவாட்டு அறையில். அவர் மலாக்காச் செட்டி இனத்தவர், எந்தக் காலத்திலோ வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வம்சம். நெற்றியில் விபூதி வைப்பார், அம்மன் கோயிலுக்குப் போவார், உடுப்பது மலாய்க்காரப் பெண்களைப்போல் சாரோங் கெபாயா, பேசுவது மலாய். வயதில் மூத்த பெண்களை அவர்கள் பீபிக் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னை அவர் அடிக் என்பார், தங்கச்சி என்ற அர்த்தத்தில். நாற்பதைத் தாண்டியவர், விதவை, தனியாக இருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அவரோடு பேசுவேன்.

எங்கள் அறைக்கும் அவருடைய படையல் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் பையனுக்கு ஊட்டுவேன். அவன் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடமாட்டான். என் தோளுக்கு மேலே சுவரைப் பார்ப்பான். ஒரு வாய் வாங்கிவிட்டுக் கொஞ்சம் பொறுப்பான், வேறு யாருக்கோ ஒரு வாய் கொடுக்க நேரம் விடுவதுபோல. பிறகு மறுபடியும் வாயைத் திறப்பான். பல்லியைப் பார்க்கிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பேன். பலகை மட்டும்தான் இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் நான் ஊட்டிக்கொண்டிருந்தபோது பீபிக் வாசற்படியில் வந்து நின்றார். அதுவரை டின்னை அவர் கண்ணில் படாமல்தான் வைத்திருந்தேன், கேட்டால் பங்கு கொடுக்க வேண்டியிருக்குமே என்று. அவர் டின்னையே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இதையா குடுக்கற?"

"இது ஒண்ணுதான் பீபிக் சாப்பிடறான்."

"தெரியும். இத ருசி பாத்த புள்ள இது ஒண்ணுதான் சாப்பிடும்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். பையனின் காலை எடுத்து மடியில் வைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். மெதுவாகத்தான் அழுத்தினார், அவன் அழக்கூட இல்லை. விரலை எடுத்தார். சதை மேலே எழும்பி வரவில்லை. விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது, ஈர மண்ணில் பதிந்த தடம்போல. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மூடவே இல்லை.

"இது சதை இல்ல அடிக், தண்ணி" என்றார். "முடியப் பாரு. கறுப்பாத்தானே பொறந்தான்?"

முடி செம்பட்டையாகியிருந்தது. சில நாளாகவே தெரிந்ததுதான். டின்னில் இருக்கும் குழந்தையின் முடியும் அப்படித்தானே என்று நினைத்திருந்தேன். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பீபிக் என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் படையல் அறையைத் திறந்து காட்டினார். நான் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. மேலே பலகைத் தட்டில் அதே டின், அதே குழந்தை. ஆனால் முகம் இருந்த இடத்தில் சாயம் தேய்ந்து, தகரம் வெறுமையாக மின்னியது. யாரோ பலகாலமாகத் தடவித் தடவித் தேய்ந்த மாதிரி.

"என் பையன்" என்றார். "சண்டைக்கு ரொம்ப முன்னாடி. எனக்கும் பால் இல்ல. கடைக்காரன் இதத்தான் குடுத்தான். வெள்ளைக்காரப் புள்ளைங்க சாப்பிடறதுன்னான். என் புள்ள உப்பிச்சு. டின்ன பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாப்பேன், அதே மாதிரி ஆயிட்டான்னு. எல்லார்கிட்டயும் தூக்கிக் காட்டினேன். ஒருநாள் காலைல எழுந்திருக்கல."



செட்டி வீடுகளில் வருஷத்துக்கு இரண்டு தடவை இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். அதற்குப் பார்ச்சு என்று பெயர். யார் யாருக்கு எது பிடிக்குமோ அதைச் சமைத்து வாழையிலையில் வைத்து, சாம்பிராணி போட்டுக் கும்பிட்டுவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். இறந்தவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். பிறகு கதவைத் திறந்து, மிச்சத்தை வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடுவார்கள்.

"அவனுக்கு ஒரு சின்ன இலை போடுவேன்" என்றார் பீபிக். "பிடிச்சது எதுன்னு பாத்தா இந்த பிஸ்கட்தான். வேற எதையும் அவன் ருசி பாக்கலயே! அந்த டின்னுல மிச்சம் இருந்தத எடுத்து எடுத்து ஒவ்வொரு பார்ச்சுக்கும் வச்சேன். மத்த இலைக்கெல்லாம் எறும்பு வரும், வந்தவங்க வயிறு நெறஞ்சதுக்கு அதான் அடையாளம். அந்த இலைக்கு மட்டும் வராது, அவ்வளவு சீனி இருந்தும். சாப்பிடறான், பசியோடவே போறான். இன்னும் அதே அளவுலதான் இருக்கான். இப்ப நீ டின்னத் திறக்கறப்பல்லாம் இங்க வந்து உக்காந்துக்கறான்."

பலகைச் சுவரைப் பார்த்தேன். அந்தப் பக்கம்தான் என் அறை.

"வர்ற பார்ச்சுக்கு அவனுக்கு சோறு வைக்கப்போறேன்" என்றார். "பிஸ்கட்ட மறக்கடிக்கணும். தனியா வச்சா தொடமாட்டான். கூட ஒருத்தன் சாப்பிட்டா சாப்பிடுவான். உன் பையனையும் கொண்டா. அன்னிக்குக் காலைலேருந்து பிஸ்கட் கிடையாது."

பாலை மறக்கடிப்பது கேள்விப்பட்டிருக்கிறேன், மார்பில் வேப்பிலை அரைத்துத் தடவுவார்கள். செத்துப்போன குழந்தைக்கு யாராவது மறக்கடிப்பார்களா? என் பயம் அவர் பையனை நினைத்து மட்டும் இல்லை. பிஸ்கட்டை நிறுத்தி, சோற்றையும் இவன் துப்பிவிட்டால் என்ன ஆவது? இப்போது வயிற்றில் ஏதோ ஒன்றாவது போகிறது.

கணவரிடம் சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு மண்டை குழம்பிப்போச்சு" என்றார். "புள்ள எப்படி கொழுகொழுன்னு இருக்கான்! கண்ணு வைக்கறாங்க."

"ஏங்க, இங்க அழுத்திப் பாருங்க."

அழுத்தினார். விரலை எடுத்தார். அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதற்கப்புறம் என்னைத் தடுக்கவில்லை.

பார்ச்சு, பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. மிச்சமிருந்த டின்களைக் காலையிலேயே பீபிக் வாங்கித் தன் அறையில் வைத்துப் பூட்டினார். பையன் அழ ஆரம்பித்தான். மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. வாய் திறந்து அழுகிறான், சத்தம் வரவில்லை. அந்த வாயைப் பார்க்க எனக்கு டின்னில் இருக்கும் குழந்தையின் ஞாபகம் வந்தது. தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். பூட்டை உடைத்து ஒரு பிஸ்கட் எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பீபிக் படையலுக்காக ஒளித்து வைத்திருந்த கைப்பிடி அரிசியைக் குழையக் குழைய வேகவைத்தார். பெரியவர்களின் இலைக்கு மரவள்ளியில் செய்த பலகாரமும் புளி போட்ட மீனும். சின்ன இலைக்கு மட்டும் முள் நீக்கிய மீனும், அவருடைய கோழி இட்ட முட்டையும் சேர்த்து மசித்த சோறு. இனிப்பு ஒரு துளி இல்லை. சாம்பிராணி போட்டுக் கும்பிட்டார். அப்போது மட்டும் அவர் வாயில் தமிழ் வந்தது. "சாமி, வா. வந்து சாப்புடு" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் வந்து நின்றோம். நல்ல வெயில். தெருவில் ஒருவரும் இல்லை. மரத்தில் காக்கைகூட இல்லை. என் தோளில் பையன் தேம்பிக்கொண்டே இருந்தான். திடீரென்று தேம்பல் நின்றது. தலையை நிமிர்த்தி, சாத்திய கதவைப் பார்த்தான். பிறகு சிரித்தான். வாரக்கணக்கில் சிரிக்காத பிள்ளை, கதவைப் பார்த்து, அந்தக் கட்டிய தொண்டையோடு கெக்கெக்கென்று சிரித்தான். கையை நீட்டினான்.

"பீபிக், திறந்துடலாமா?"

"இரு. தாத்தன்மாருங்க சீக்கிரம் சாப்பிட்டுடுவாங்க. சின்னது மெதுவாத்தான் சாப்பிடும். பழக்கமில்லாத சாப்பாடு."

காத்திருந்தோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் அவர் கதவைத் திறந்தார்.

இலைகள் வைத்தபடியே இருந்தன. சின்ன இலையின் ஓரத்தில் மட்டும் எறும்பு ஏறியிருந்தது. ஒரு வரிசை, சுவரிலிருந்து சோறுவரை. பீபிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அந்த எறும்புகளையே பார்த்தார். எறும்பு ஏறிய பக்கத்தை விட்டுவிட்டு, இந்தப் பக்கத்துச் சோற்றை விரலால் வழித்து எனக்குக் காட்டினார்.

"ஊட்டு."

பையனை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு பருக்கை அளவு எடுத்து உதட்டில் வைத்தேன். துப்பினான். இரண்டாவது தடவையும் துப்பினான். மூன்றாவது தடவை வைத்தபோது அவன் என் தோளுக்கு மேலே பார்த்தான், வழக்கம்போல. ஆனால் இப்போது அந்தப் பக்கம் சுவர் இல்லை, நாங்கள் படையல் அறைக்குள்ளேயே இருந்தோம். பார்த்துக்கொண்டே இருந்தான். சோறு நாக்கில் இருந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

விழுங்கிவிட்டான்.

அடுத்த வாயை அவசரமாக எடுத்தேன். வாங்கினான். அதற்கடுத்ததையும் வாங்கினான். கண்ணீர் என் கண்ணை மறைத்தது. எங்கே நிறுத்திவிடுவானோ என்ற பயத்தில் வேகமாக ஊட்டினேன். அவனும் வேகமாக வாயைத் திறந்தான்.

பீபிக் குனிந்து, என் பையனையும் அவன் பார்த்துக்கொண்டிருந்த மூலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெதுவா, மெதுவா" என்றார். "ரெண்டு பேரும் அவசரப்படாதீங்க. இலைல இன்னும் இருக்கு."

நான் கொஞ்சம் பொறுத்து அடுத்த வாயை எடுத்தேன். என் மகன் வாயைத் திறந்தபடி காத்திருந்தான்.