குளிசையில் இருந்த அயடீன்

உயர்தர வகுப்புக்கு நான் சேதன இரசாயனம் படிப்பிக்கிறேன். குளோரீன், புரோமீன், அயடீன் போன்ற அலசன்கள் காபனோடு பிணைந்த சேர்வைகளுக்குப் பூச்சிமருந்தையும் பி.வி.சி. குழாயையும்தான் உதாரணமாகச் சொல்லி வந்தேன். மனித உடம்பின் பக்கம் போனதே இல்லை.

போன வருடம் வைகாசி வெயிலில் திருகோணமலையே கொதித்தது. எனக்கு மட்டும் குளிர்ந்தது; வகுப்பில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். பிள்ளைகள் கொப்பியால் விசிறிக்கொண்டார்கள். ஒருநாள் இரசாயனத் தாக்கம் ஒன்றைக் கரும்பலகையில் பாதி எழுதியபின் அடுத்த படி நினைவுக்கு வரவில்லை. இருபது வருடமாக எழுதிய படி. வெண்கட்டியோடு அப்படியே நின்றேன். பிறகு தலையிடி என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் அறைக்குப் போய் அழுதேன். மறதிநோய் தொடங்கிவிட்டது என்றே நம்பினேன்.

அங்கே கிண்ணியாவிலிருந்து வரும் உயிரியல் ஆசிரியை இருந்தார்.

"குரலும் தடிச்சுப்போச்சு, முகமும் ஊதியிருக்கு. தைரொயிட்டுக்கு இரத்தம் சோதிச்சனீங்களோ?"

"இல்லை."

"தனியப் போக ஏலாதெண்டா நான் கூட்டிக்கொண்டு போறன்."

மறுநாள் அவரே கூட்டிக்கொண்டு போனார். தைரொயிட் சுரக்கும் தைரொட்சின் என்ற ஓமோன் மிகக் குறைவு என்று முடிவு வந்தது.

"கடல்மீன் சாப்பிடுறன், அயடீன் உப்புத்தான் பாவிக்கிறன். பிறகேன் டொக்டர்?" என்று கேட்டேன்.

"அயடீன் இருக்கு. அதை வைச்சு ஓமோன் செய்யிற சுரப்பிதான் வேலை செய்யுதில்லை. மறதியும் குளிரும் அதாலதான்."

லிங்கநகர் வீட்டுக்கு வந்து, மருத்துவர் எழுதித் தந்த தைரொட்சின் குளிசையின் கட்டமைப்பைத் தேடி வரைந்தேன். இரண்டு பென்சீன் வளையங்கள், அவற்றில் நான்கு அயடீன். என்னுடைய பாடத்துச் சேர்வைதான். மறதிநோய் இல்லை என்ற ஆறுதலோடு, இதை இவ்வளவு காலம் நினைக்கவில்லையே என்ற வெட்கமும் வந்தது.

இரண்டு மாதமாகியும் மாற்றமில்லை.

"குளிசையை எப்ப போடுறனீங்கள்?" என்று மருத்துவர் கேட்டார்.

"காலமைத் தேத்தண்ணியோட. கல்சியம் குளிசையையும் சேர்த்து."

"நீங்கள் என்ன பாடம் படிப்பிக்கிறீங்கள்?"

"இரசாயனம்."

அவர் சிரித்துவிட்டார். "கல்சியம் அதைப் பிடிச்சு வைச்சிருக்கும், உடம்புக்குள்ள போக விடாது. வெறுவயித்தில தண்ணியோட போடுங்கோ. கல்சியத்தைப் பின்னேரம் போடுங்கோ."

சில கிழமைகளில் குளிர் விட்டது. ஒரு காலை வாசலில் மீன்காரரோடு விலை பேசிக்கொண்டிருந்தேன். "உம்மட குரல் திரும்பி வந்திட்டுது!" என்றார் கணவர் உள்ளேயிருந்து.

இந்த வருடம் அந்தப் பாடம் வந்தபோது தைரொட்சினைக் கரும்பலகையில் வரையத் தொடங்கினேன்.

"டீச்சர், சோதினைக்கு வருமோ?"

"வராது."

பாதிப்பேர் பேனையைக் கீழே வைத்தார்கள். நான் வரைந்து முடித்தேன்.