நாற்பது நிமிடம் வெந்த எலும்பு

முதல் அறிகுறி வாந்தி. மோர்ச்சோறு தின்ற அரை மணிக்குள் எங்கள் நாய் ஜிம்மி முன்னங்கால்களை அகட்டி நின்று, விலா எலும்புகள் தோலைக் கிழித்துவிடும்போல் ஓங்கரித்தது. ஒரே நாளில் பதினொரு முறை. கடைசி மூன்றில் சோறு இல்லை. மஞ்சள் நீரும், நூல் நூலாக ரத்தமும்.

நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சங்கிலி பிடித்தவன். எண்ணாமல் எதையும் பார்க்க வராது. வயிறு ஒத்துக்கொள்ளாத நாயை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் எண்ணிக்கைகள் உங்களுக்கு உதவலாம். நான் செய்த தவறு அதைவிட உதவும்.

எழுபதுகளின் கடைசி. அப்போது நாங்கள் வரிச்சிக்குடியில் இருந்தோம். காரைக்கால் கால்நடை மருத்துவர் ஜிம்மியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் குடல் அழற்சி (குடலின் உட்சுவர் வீங்கிப் புண்ணாவது) என்றார். சோறும் பாலும் இதற்கு ஆகவில்லை, பச்சை இறைச்சி கொடுத்துப் பாருங்கள், சிறிது சிறிதாக, சதையோடு எலும்பும் இருக்கட்டும் என்றார். வாசல்வரை வந்து இதையும் சொன்னார்:

"எலும்ப மட்டும் வேகவச்சிடாதீங்க சார். வெந்த எலும்பு கண்ணாடி மாதிரி உடையும்."

கசாப்புக்கடை பாயிடம் ஆட்டு நுரையீரலும் கழுத்தெலும்பும் தினம் வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "மாப்பிள்ளைக்குக்கூட யாரும் இப்படி வந்து நிக்கல அய்யா" என்றார்.

முதல் நான்கு நாள் வயிறு இளகித்தான் போயிற்று. பயந்து நிறுத்திவிடாதீர்கள், அளவைப் பாதியாக்குங்கள். ஐந்தாம் நாள் கட்டுப்பட்டது. அதன்பிறகு ஐம்பத்திரண்டு நாள் ஒரு வாந்திகூட இல்லை.

ஐம்பத்து மூன்றாம் நாள் புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. கொல்லையில் பச்சை ரத்தம் சொட்டக் கூடாது என்று என் மனைவி கமலம் சொல்லிவிட்டாள். பழையபடி மோர்ச்சோறு போட்டால் ரத்த வாந்தி வரும். இரண்டுக்கும் நடுவே நான் ஒரு வழி கண்டேன். சதையைச் சுத்தமாக வழித்துவிட்டு, எலும்பை மட்டும் பழைய பானையில் வேகவைப்பது. வாடை போய், ரத்தமும் போய், வெள்ளையாகிவிட்டால் அது மாமிசக் கணக்கில் வராது என்று கமலமும் ஒப்புக்கொண்டாள். மருத்துவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஒரு மாதம்தானே என்று நினைத்தேன். நாற்பது நிமிடம், கடிகாரம் பார்த்து வேகவைத்தோம்.

மூன்றாவது சனிக்கிழமை காலை பெருமாளுக்குத் தளிகை போட்டு முடித்திருந்தோம். கொல்லையிலிருந்து வந்தது குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜிம்மி கிணற்றுச் சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தது. வாயெல்லாம் சிவந்த நுரை. முன்னங்காலால் தன் தாடையைத் தானே பிறாண்டிக் கிழித்திருந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பது தெரிந்ததும் வலது கையை வாய்க்குள் விட்டேன். அது கடித்தது. பல் என் விரலெலும்பில் உரசியதைக் காதால் கேட்டேன். விடுவித்துக்கொண்டபோது நான்கு துளைகள், ஒன்றிலிருந்து ரத்தம் பீறிட்டது.

வேலிக்கு அப்பால் நின்றவர்கள் பார்த்தது நுரையையும் ரத்தத்தையும்தான். வெறி பிடித்துவிட்டது என்று சத்தம் போட்டார்கள். ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் என் அண்ணன் மகன் கலியபெருமாள், கையில் மண்வெட்டிப் பிடி. முதல் அடி ஜிம்மியின் முதுகில். இரண்டாவதில் பின்னங்கால் முறிந்தது. காய்ந்த மட்டை ஒடிகிற சத்தம். நான் அதன்மேல் விழுந்தேன். மூன்றாவது அடி என் தோளில் இறங்கியது.

"எந்திரிங்க சித்தப்பா. ஒங்களயே கடிச்சிருக்கு."

"கொன்னுட்டா வெறியா இல்லியான்னு எனக்கு யாருடா சொல்றது?"

அவன் பிடியைக் கீழே போட்டான். என் தோளைப் பார்த்தான். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரை அழைத்துவந்தவனும் அவன்தான்.

மூன்று பேர் அமுக்கிப் பிடிக்க, மருத்துவர் நீண்ட இடுக்கியை விட்டு இரண்டு எலும்புச் சிம்புகளை எடுத்தார். ஊசிபோல் கூர்மை. வேகவைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

கமலம் கதவோரம் நின்றபடியே, "நாப்பது நிமிசம் வெந்துச்சுங்க. அடுப்பு பாத்தது நான், கடியாரம் பாத்தது இவங்க" என்றாள்.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. இது எலும்பு செய்த வேலைதான், ஆனால் வெறிநோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல ஒரே வழி, நாய் பத்து நாள் உயிரோடு இருப்பதுதான் என்றார். குடலுக்குள் இன்னும் சிம்புகள் இருக்கலாம், இடையில் அதனாலேயே செத்தால் எதனால் செத்தது என்று சொல்ல முடியாது, தலையை அறுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்.

அன்றே ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி தொடங்கியது. தொப்புளைச் சுற்றி, நாளுக்கு ஒன்று, மொத்தம் பதினான்கு. மருந்து உள்ளே போகும்போது வயிற்றுக்குள் கொள்ளிக்கட்டையைத் திருகுவதுபோல் இருக்கும். மறுநாள் அந்த இடம் நெல்லிக்காயளவு கட்டியாகிவிடும். பத்தாம் நாள்வரை நாய் பிழைத்திருந்தால் ஊசியை நிறுத்திவிடலாம்.

ஜிம்மியைக் கிணற்றடித் தூணில் இரட்டைச் சங்கிலியில் கட்டினோம். கலியபெருமாள் தினமும் காலையில் மண்வெட்டிப் பிடியோடு வந்து வேலியோரம் உட்கார்ந்தான். அவனுக்கு இரண்டு பெண்குழந்தைகள். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மூன்று நாள் ஜிம்மி தண்ணீரும் குடிக்கவில்லை. தண்ணீருக்குப் பயப்படுகிறது என்று வேலிக்கு அப்பால் பேசிக்கொண்டார்கள். நான்காம் நாள் கமலம் பாய் கடைக்குத் தானே போய்விட்டு வந்தாள். பச்சை ஈரலைக் கூழாக நசுக்கி, நீளமான அகப்பைக்காம்பின் நுனியில் தடவி நீட்டினாள். புரட்டாசி முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஜிம்மி நக்கியது.

ஏழாம் நாள் வாந்தியோடு இன்னொரு சிம்பு வந்தது. ஒன்றே கால் அங்குலம். கறுத்த ரத்தம் ஒரு கொட்டாங்கச்சி அளவு. கலியபெருமாள் எழுந்து நின்றுவிட்டான். ஜிம்மி படுத்தபடியே அவனைப் பார்த்து வாலை ஒருமுறை தரையில் அடித்தது. அவன் மறுபடி உட்கார்ந்தான்.

பத்தாம் நாள் அது மூன்று காலில் எழுந்து நின்று தண்ணீர் குடித்தது. கலியபெருமாள் மண்வெட்டிப் பிடியை எங்கள் வேலியிலேயே சாய்த்து வைத்துவிட்டுப் போனான். என் ஊசி பத்தோடு நின்றது.

ஜிம்மி அதற்கப்புறம் ஆறு ஆண்டுகள் இருந்தது. புரட்டாசியிலும் பச்சையாகவே தின்றது. ஆனால் என் வலது கையிலிருந்து மட்டும் எதையும் வாங்காது. கையை நீட்டினால் பின்னால் நகர்ந்து, முறிந்த காலைத் தூக்கிக்கொள்ளும். சோற்றுக் கையால் அல்லாமல் யாருக்கும் எதையும் கொடுத்துப் பழகாதவன் நான். அதற்கு இடது கையால் ஊட்டக் கற்றுக்கொண்டேன்.

கட்டிகள் கரைந்துவிட்டன. குளிக்கும்போது விரல் தானாகவே தொப்புளைச் சுற்றிப் போகிறது, பத்து இடங்களில் நிற்கிறது. அந்த ஆறு ஆண்டும் நாட்களை நான் எண்ணவில்லை. இறைச்சியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தி, அது எலும்பை அரைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பச்சை எலும்பு நசுங்கும் சத்தம் வேறு. அந்தச் சத்தம் நின்று, ஜிம்மி விழுங்கி, மூச்சு விடும்வரை என் இடது கை அந்தரத்திலேயே இருக்கும்.