வேனுக்கு வீட்டு இலக்கம் இல்லை

கரடியனாற்றில் ஒரு வயல் வட்டை ஓரமாக வேனை நிறுத்தி, வாட்டர் பம்ப் ஒன்றைக் கழற்றிப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். பம்பின் சொந்தக்காரி என் வயதுக்காரி. வரம்பில் குந்தியிருந்து என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே விரித்த பாய், கொடியில் காய்ந்த சாரம், காஸ் அடுப்பின் மேல் மூடி வைத்த சோற்றுப் பானை எல்லாம் வெளியே தெரிந்தன. வீடு எங்கே என்று கேட்டாள். இதுதான் என்று ஸ்பானரால் வேனைக் காட்டினேன். பிள்ளைகள் இல்லையா என்றாள். ஒரு மகள் இருக்கிறாள், குருக்கள்மடத்தில் குடும்பமாக இருக்கிறாள் என்றேன்.

"பெத்த தகப்பன வெளிய போட்டுட்டு அந்தப் புள்ள எப்படித்தான் சோறு தின்னுதோ," என்றாள்.

அப்படி இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. மத்தியானம் சோறும் மீன்குழம்பும் வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். நல்ல குழம்பு. ஆனால் என் மகளைத் திட்டிவிட்டுக் கொடுத்த சோறு. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

இந்த மூன்று வருடத்தில் இதை நான் எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று தெரியாது. எல்லோருக்கும் ஒரே கதைதான் தெரியும். தாய் செத்தாள், மகள் துரத்தினாள், கிழவன் வேனில் கிடக்கிறான்.

நடந்தது வேறு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நானும் கலியாணம் கட்டி மனைவியின் வீட்டுக்குப் போனவன். மகளுக்குக் கலியாணம் பேசியபோது அந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதினோம். அதில் பெரிய மனதும் இல்லை, தியாகமும் இல்லை, வழக்கம் அது. எழுதிய பிறகும் நானும் மனைவியும் அங்கேதான் இருந்தோம். மருமகன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

என் தொழில் பம்ப், மருந்தடிக்கிற மெசின், படகு எஞ்சின் திருத்துவது. அதற்காகத்தான் பழைய வேன் ஒன்றை வாங்கினேன். வேளாண்மைக் காலத்தில் கரடியனாற்றுப் பக்கம் போனால் இரண்டு மூன்று நாள் அங்கேயே வேனில் படுத்துவிடுவேன். மனைவி இருக்கும்போதே பழகிய பழக்கம். அவள் போனபின் இரண்டு மூன்று நாள் ஒரு கிழமையானது. பேரப்பிள்ளைக்கு முட்டு வருத்தம். முற்றத்தில் நான் பெற்றோலும் ஒயிலுமாக வேலை செய்தால் அவனுக்கு மூச்சு இழுக்கும். அதையே காரணமாகச் சொல்லி ஒருநாள் உடுப்புப் பெட்டியையும் வேனில் ஏற்றினேன். மகள் வாசலில் நின்றபடி, எப்ப வருவீங்கள் என்று மட்டும் கேட்டாள். வாறன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

வேனில் இருப்பது லேசு என்று சொல்ல மாட்டேன். காலையில் கக்கூசுக்குப் போவதே ஒரு யோசனை. பெற்றோல் செட்டில் எண்ணெய் அடித்தால் விடுவார்கள், சும்மா போனால் பூட்டுச் சாவி இல்லை என்பார்கள். தெரிந்த வளவுகளில் கிணற்றில் குளிக்கலாம், ஆனால் வீட்டில் ஆம்பிளை இல்லாத நேரம் போனால் அதுவும் ஒரு கதையாகும். வெயில் காலத்தில் தகரம் கொதிக்கும். மாரியில் கூரை ஒழுகும். இதற்கெல்லாம் வழி இருக்கிறது. ஒழுகும் இடத்தில் தார்ச் சீலை ஒட்டலாம். மனிதர்களின் வாய்க்கு எதை ஒட்டுவது?

குருக்கள்மடத்தில் வாவிக்கரையில், மகளின் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மருதமரம் நிற்கிறது. மாதத்தில் நாலைந்து நாள் அதன் கீழே நிறுத்துவேன். பேரன் ஓடி வருவான், மருமகன் வந்து கதைத்துவிட்டுப் போவார். போன வருடம் ஒரு வெள்ளைக்காரச் சோடி அதே கரையில் வந்து வேனை நிறுத்தியது. வாடகைக்கு எடுத்த வேன். உள்ளே என்னுடையதைப் போலத்தான்: மெத்தை, திரைச்சீலை, அடுப்பு. அவர்களின் அடுப்பு எரியாமல் நின்றபோது வாய் அடைத்திருந்ததைக் குத்தி எடுத்துக் கொடுத்தேன். ஊரே அவர்களைப் பார்க்க வந்தது. ஒருவர் இளநீர்க் குரும்பை வெட்டிக் கொடுத்தார். ஒரு வீட்டிலிருந்து பிட்டும் இறால் கறியும் வந்தது. பெண்கள் பிள்ளைகளை அவர்களோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். என்ன சுதந்திரமான வாழ்க்கை என்று ஒரு வாத்தியார் என் காதில் விழும்படி சொன்னார்.

அடுத்த நாள் காலையில் ஊர்ச் சங்கத்தார் மூன்று பேர் வந்தார்கள். வெள்ளைக்காரர்களிடம் போகவில்லை, என்னிடம் வந்தார்கள். மூவரின் மெசினையும் நான் திருத்தியிருக்கிறேன். கரையில் வாகனம் போட்டுத் தங்கக்கூடாது என்று கூட்டத்தில் தீர்மானம் எடுத்திருப்பதாகவும், குறை நினைக்க வேண்டாம் என்றும் மூத்தவர் சொன்னார்.

"அவங்களுக்கும் சொல்லிட்டீங்களா?" என்று அந்த வேனைக் காட்டிக் கேட்டேன்.

"அவங்க டூரிஸ்ட்தானே."

"நானும் அதே மாதிரித்தானே இரிக்கிறன்?"

மூத்தவர் குரலைத் தணித்தார். "நீங்க எங்கட ஆள். எங்கட ஆள் இப்படி இரிந்தா ஊருக்கு மரியாதை இல்ல," என்றார்.

கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. உங்கள் மரியாதையை நான் எங்கே கொண்டுபோய் ஒளித்துவைத்திருக்கிறேன், வேனைச் சோதித்துப் பாருங்கள் என்று ஏதோ சொன்னேன். நான் அடுப்பை அணைத்து, பாதி வெந்த சோற்றோடு வேனை எடுத்தேன். அந்த வெள்ளைக்காரப் பெண் எனக்குக் கை காட்டினாள். நான் திரும்பிக் காட்டவில்லை. அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. அது பிறகுதான் உறைத்தது.

அந்த மாரியில் கூரை ஒழுகி என் அடையாள அட்டை ஊறிப்போனது. படம் கரைந்து முகம் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கறை. சோதனைச் சாவடியில் பொலிஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேனில் இருந்த எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். பானை, தலையணை, மனைவியின் படம், மூன்று பெட்டி பழைய சாமான், எல்லாவற்றையும் தார் ரோட்டில் அடுக்கினேன். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புது அட்டை எடுக்காமல் இனி ஓட முடியாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

அட்டைக்குக் கிராம சேவகர் ஒப்பமிட வேண்டும். குருக்கள்மடத்துக் கிராம சேவகர் ஒரு இளம்பெண், மரியாதையானவர். விண்ணப்பத்தை வாங்கி, எங்கே இருக்கிறீர்கள் ஐயா என்று கேட்டார். வேனில் என்றேன். பேனையை வைத்துவிட்டார்.

"வேனுக்கு வீட்டு இலக்கம் இல்லையே, ஐயா."

வாகன இலக்கம் இருக்கிறது, அதைப் போடுங்கள் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். தன்னுடைய பதிவேட்டில் வீடுதான் முதல், வீட்டுக்குள்தான் ஆள் என்று விளக்கினார். கூடுதலான நாள் எந்தப் பிரிவில் நிற்கிறேனோ அங்கே கேட்டுப் பார்க்கும்படி சொன்னார். கரடியனாற்றில் கேட்டேன். நீங்கள் வேளாண்மைக்கு வந்து போகிற ஆள், இங்கே குடியிருப்பவர் இல்லை என்றார் அங்குள்ளவர். படகு எஞ்சின் வேலைக்கு மாங்கேணிக்குப் போனபோது அங்கேயும் கேட்டேன். இரண்டு நாள் ஆளில்லை. மூன்றாம் நாள், சொந்த ஊரில் எடுங்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

திரும்பவும் குருக்கள்மடம். இந்தமுறை அந்தக் கிராம சேவகர் பிள்ளையே வழி சொன்னார். மகளின் வீட்டு இலக்கத்தைப் போடுங்கள், நான் ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு ஒப்பம் வைக்கிறேன் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னபோது நான் எங்கேயும் இல்லாதவன், பொய் சொன்னால் உடனே ஊரவன். ஆனாலும் களைத்துப் போயிருந்தேன். போட்டுக் கொடுத்தேன். மகளுக்குப் போன் எடுத்து, கேட்டால் அப்பா இங்கேதான் இருக்கிறார் என்று சொல்லச் சொன்னேன். அவள் "ம்" என்றாள்.

நாலு நாள் கழித்துக் கந்தோருக்குப் போனேன். கிராம சேவகர் என் முகத்தைப் பார்க்காமல் விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார். மகள் மறுத்துவிட்டாராம். அப்பா இங்கே இல்லை, வேனில் இருக்கிறார், நாங்கள் அவரைத் துரத்தவில்லை, இதையும் சேர்த்து எழுதுங்கள் என்று முற்றத்தில் நின்று சத்தமாகச் சொன்னாராம்.

நேரே மகளின் வீட்டுக்குப் போனேன். அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மனே அப்படிச் சொன்ன?"

"அவ வந்து கேட்டா. உண்மையச் சொன்னன்."

"ஒரு சொல் சொல்லியிரிந்தா என்ட அலுவல் முடிஞ்சிரிக்குமே."

அவள் துருவலைத் தள்ளி வைத்தாள். "வேலிக்கு அங்கால மூணு பேர் நிண்டு கேட்டுட்டிருந்தாங்க அப்பா. நீங்க உள்ள இரிக்கிறீங்கெண்டு சொல்லியிரிந்தா, தகப்பனத் துரத்தினதும் இல்லாம பொய்யும் சொல்றாளெண்டு சொல்லுவாங்க. எனக்கு இனி ஏலாது."

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. கோவிலில் விளக்கு வைக்கப் போனவளிடம், தகப்பனைப் பட்டினி போட்டவள் விளக்கு வைத்து என்ன பலன் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். பேரனின் பள்ளியில் மற்றத் தாய்மார் ஒதுங்கியிருக்கிறார்கள். மருமகனிடம் வேலையிடத்தில், மாமனாரின் வீட்டை எப்படி எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருடமாக இதில் ஒன்றையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. துரத்தப்படுவது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிந்திருக்கிறேன்.

"நீங்க ஏன் வீட்ட இரிக்கல்ல? முட்டு, பெற்றோல் மணம் எண்டெல்லாம் சொல்லாதீங்க. பின்னால ஒரு கொட்டில் போட்டா அது முடிஞ்சிரும்."

இனி மறைக்க முடியவில்லை. "கூடத்தில படுத்தா அம்மா வருத்தமாக் கிடந்த அறைக் கதவு நேரே தெரியுது," என்றேன். "சொன்னா நீ இந்த வீட்டையே மாத்தப் பார்ப்பாய். மறுகா ஒனக்கும் இந்த வீட்டில நித்திரை வராது."

அவள் எழுந்து தேத்தண்ணி வைத்தாள். எனக்கு என்றைக்கும் சீனி குறைவு. அன்று போட மறந்தேபோனாள். நான் அப்படியே குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேனை மருதமரத்தடிக்குக் கொண்டுவரச் சொன்னாள். அங்கே நிறுத்த விடமாட்டார்கள் என்றேன். கொண்டுவாங்கள் என்றாள். பத்து மணிபோல மருமகனோடும் பேரனோடும் பாயும் மீனும் எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். பக்கக் கதவை முழுதாகத் திறந்து, என் அடுப்பில் என் பானையில் சமைத்தாள். வேனுக்குள் அவள் ஏறியது அதுதான் முதல் தரம். சமைத்துக்கொண்டே மிளகாய்த்தூள் எங்கே, உப்பு எங்கே என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்தாள். ஸ்பானர் பெட்டிக்குள் மாத்திரைகளைக் கண்டு முறைத்தாள்.

சங்கத்து மூத்தவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் எழும்புவதற்குள் மகள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னே போனாள்.

"இது என்ட அப்பாட வீடு, மாமா. நாங்க விருந்துக்கு வந்திரிக்கிறம். நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. பொழுதுபடுமுன் எடுத்துவிடுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் சாப்பிட்டோம். பொழுதுபடுமுன் நான் எடுத்துவிட்டேன். தீர்மானம் தீர்மானம்தான்.

ஆனால் ஊரின் பேச்சு மாறிவிட்டது. அந்தப் பிள்ளை கரைக்கு வந்து சமைத்துப் போட்டு, வீட்டுக்கு வாங்கப்பா என்று கெஞ்சுகிறது, கிழவன்தான் பிடிவாதம், அவனுக்கு மூளை சுகமில்லை என்று இப்போது சொல்கிறார்களாம். மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு ஆத்திரம்தான். மகளுமில்லை, கிழவனுமில்லை, ஒரு மனிதன் தான் விரும்பிய இடத்தில் படுக்கிறான் என்று மட்டும் ஒருவருக்கும் நினைக்க வராதா? ஆனாலும் பழி அவளை விட்டு இறங்கியதில் ஒரு ஆறுதல். கோவிலில் அவள் விளக்கைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை.

கிராம சேவகர் விண்ணப்பத்தைக் கடைசியில் அனுப்பிவிட்டார். மகளின் முகவரியை எழுதி, அப்பாவின் கடிதங்களை இவ்விடம் ஒப்படைக்கவும் என்று மகளிடம் ஒரு கடிதமும் வாங்கிச் சேர்த்தார். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அட்டை இன்னும் வரவில்லை. இப்போது மாங்கேணியில் நிற்கிறேன். இங்கே கடற்கரையில் வேன் நிறுத்த, ஊர்ச் சங்கத்தார் ஒரு படிவம் நிரப்பித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். யார், எத்தனை நாள், என்ன தொழில் என்பதையெல்லாம் எழுதிவிட்டேன். எதற்காக வீட்டில் இல்லை என்ற கேள்விக்கு மூன்று வரி இடம் விட்டிருக்கிறது. நேற்றுமுதல் அந்த மூன்று வரியும் வெறுமையாகக் கிடக்கின்றன.