அடுத்தவன் காது

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லாரும் மூக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மூக்கு ஒன்றும் பெரிதில்லை. எதைக் கண்டாலும் சுருங்கும், அவ்வளவுதான். பதினேழு வருடமாகப் பேருந்து கழுவுகிறார். இருக்கைக்கு அடியில் ஒட்டிய பபுள்கம், ஜன்னல் கண்ணாடியில் தலை எண்ணெய் வட்டம், கடைசி வரிசையில் யாரோ எடுத்த வாந்தி என்று மனிதர்கள் விட்டுப்போவதை எல்லாம் கையால் தொட்டவர். தொடத் தொட அருவருப்பு மரத்துவிடும் என்பார்கள். அவருக்கு நாளுக்கு நாள் கூடியது.

நாற்பத்தொரு வயதில் அவர் டிஜே ஆகப் புறப்பட்டதற்கும் அருவருப்புதான் காரணம். பணிமனை ஆண்டு விழாவில் வழக்கமாகப் பாட்டுப் போடுகிறவன் டமால். ஒரு பாட்டு முடிவதற்குள் அதன் தலையில் இன்னொன்றைப் போட்டு உடைப்பதால் வந்த பெயர். சிப்ஸ் தின்ற விரலாலேயே குமிழ்களைத் திருகுவான்.

"பாட்டையும் அழுக்காக்கறான், மெஷினையும் அழுக்காக்கறான் சார்," என்று மூக்கு மேலாளரிடம் சொல்லப்போக, "அப்ப நீங்களே போடுங்களேன்," என்றார் அவர். இந்த வருடம் முதல் அரை மணி நேரம் மூக்குக்கு. ஆடுகிறவர்கள் கலையாமல் நின்றால் மாதாமாதம் நடக்கும் கூட்டங்களிலும் அவரே போடலாம். கலைந்தால், டமாலைப் பற்றி இனி வாயைத் திறக்கக் கூடாது.

மெஷின் வாங்கப் போன கடையில் கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த, பாட்டுகளைக் கலக்கும் கன்ட்ரோலர், தொட்ட இடமெல்லாம் நிறம் மாறி மினுக்கியது.

"எல்லாரும் இதைத்தாண்ணே வாங்கறாங்க."

"ஹெட்போன் எங்க செருகறது?"

"அது வந்து... லேப்டாப்புல செருகிக்கலாம்."

"லேப்டாப்புலேர்ந்து ஸ்பீக்கருக்குல்ல போகுது? அடுத்த பாட்டை நான் மட்டும் எப்படிக் கேக்கறது? ஊருக்கே போட்டுக் காட்டிட்டு அப்புறம் நான் கேக்கணுமா?"

கடைக்காரர் அதை உள்ளே வைத்தார். இரண்டு பாட்டுக்கு இரண்டு சேனல், ஹெட்போனுக்குத் தனித் துளை, கை பட்டால் நகராத கனம். ஒரு மாதம் படித்துவிட்டு வந்த மூக்கு கேட்டது இவ்வளவுதான். மங்கிய கறுப்பில் ஒன்று கிடைத்தது. ஹெட்போனுக்கு, சுவரில் தொங்கியதை மாட்டிப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். அதன் மெத்தை உரிந்து, பிசுக்கில் ஒரு முடி ஒட்டியிருந்தது.

"இது எத்தனை பேரு காதுல பட்டது?"

"அதெல்லாம் யாருண்ணே எண்ணிக்கிட்டிருப்பா?"

மூக்கு அதை இரண்டு விரலால் தூக்கித் திரும்ப மாட்டிவிட்டு, உறை பிரிக்காத ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

முதல் இரண்டு வாரமும் எண்ணுவது ஒன்றே பாடம். நாலு நாலாக எட்டு முறை எண்ணினால் பாட்டு ஒரு திருப்பத்துக்கு வரும். அடுத்த பாட்டை அங்கேதான் உள்ளே விட வேண்டும். பேருந்துக்குள் துடைப்பத்தை இழுத்துக்கொண்டே எண்ணினார். பிறகு வேகம். ஒரு காது வெளியே, ஒரு காது ஹெட்போனில். இரண்டு தாளமும் விலகினால் படிக்கட்டில் உருளும் ஓட்டை டப்பா மாதிரி தடதடக்கும். மெல்லத் தள்ளித் தள்ளி இரண்டையும் ஒரே அடியாக்க வேண்டும். இதைத் தானாகச் செய்துவிட ஒரு பொத்தான் இருந்தது. ஒருமுறை அழுத்திப் பார்த்தார். கழுவாத இருக்கையில் சென்ட் அடித்தது போலிருந்தது. அதன் மேல் டேப் ஒட்டிவிட்டார்.

பழகி முடித்ததும் தினமும், பேருந்து இருக்கைகளுக்கு அடிக்கும் கிருமிநாசினியை ஹெட்போனின் இரண்டு குழிக்குள்ளும் பீய்ச்சுவார்.

"உங்க காதுதானே படுது? உங்க காதைக் கண்டாலே உங்களுக்கு ஆகலையா?" என்று மனைவி கேட்டாள்.

"யாரு வேர்வையா இருந்தாலும் வேர்வை வேர்வைதான்."

விழா நாள் காலையில், விசேஷ நாளாயிற்றே என்று இரண்டு முறை கூடுதலாகப் பீய்ச்சினார்.

பிற்பகல் மூன்று மணி. முதல் பாட்டுக்கே ஓட்டுநர்களும் நடத்துநர்களும் குடும்பத்தோடு எழுந்து வந்துவிட்டார்கள். அடுத்ததைத் தயார் செய்ய மூக்கு ஹெட்போனை மாட்டினார். சத்தமே இல்லை. தட்டினார். வலதில் ஈ முனகுவது போல ஏதோ கேட்டது; பிறகு அதுவும் போயிற்று. கழற்றிக் குலுக்கியதும் உள்ளிருந்து கிருமிநாசினி ஒரு சொட்டு, கன்ட்ரோலர் மேலேயே விழுந்தது. ஒரு மாதமாக அவரே அதை உள்ளிருந்து அரித்திருக்கிறார்.

ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

தன் முறைக்காகப் பக்கத்தில் நின்ற டமால் மென்றபடியே தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி நீட்டினான். "இந்தாங்கண்ணே. நல்லா ஊறிப்போய் சாஃப்ட்டா இருக்கும்."

மெத்தை வேர்வையில் நனைந்திருந்தது. ஓரத்தில் சிப்ஸ் மசாலா. மூக்கு டேப் ஒட்டிய பொத்தானைப் பார்த்தார். பிய்த்துவிடலாம். ஆனால் அடுத்த பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அது சொல்லாது. கேட்காமலே அவிழ்த்துவிட்டால் அது டமாலின் வேலை. எதிரே நாற்பது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு மாட்டினார். இன்னொருவன் உடம்புச் சூடு காதைக் கவ்வியது. வெதுவெதுவென்று ஈரம் கன்னத்தில் இறங்கியது. எண்ண ஆரம்பித்தார். நாலு. எட்டு. இரண்டு தாளமும் விலகி, நெருங்கி, ஒன்றாயின. திருப்பத்தில் உள்ளே விட்டார். பாட்டு மாறியது யாருக்கும் தெரியவில்லை. ஆடிய கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன. அரை மணி நேரமும் அந்த ஈரம் காதிலேயே இருந்தது. ஒருவரும் உட்காரவில்லை.

"அடுத்த மாசமும் நீங்கதான்," என்று மேலாளர் கையை உயர்த்திக் காட்டினார்.

ஹெட்போனைத் திரும்ப வாங்கிய டமால் உடனே மாட்டவில்லை. கைக்குட்டையை எடுத்து ஒரு முறை துடைத்தான். முகர்ந்து பார்த்துவிட்டு இன்னும் இரண்டு முறை துடைத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நீங்க பஸ்ஸு கழுவறவரு. என்னென்னத்தத் தொடறீங்களோ."

அவன் மூக்கு சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கத்தைத் தனக்கு எதிரே இன்னொரு முகத்தில் அவர் பார்த்ததில்லை.

வீட்டில் குழாயடியில் சோப்புப் போட்டு நாலாவது முறை காதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"தோலு உரிஞ்சிடப் போகுது. போதும்."

"அவன் காது இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கு."

"அப்ப உங்க காது அவன்மேல ஒட்டியிருக்காதா?"

மூக்கு நுரையோடு நிமிர்ந்தார்.

"நல்லா ஒட்டட்டும்," என்று சொல்லிவிட்டு ஐந்தாவது முறை சோப்பை எடுத்தார்.