அத்தையின் ஆந்தூரியம்

மீன் கழுவிய தண்ணீரின் நாற்றம் எங்கே அடித்தாலும், போடியில் நாங்கள் இருந்த வீட்டின் பின்கட்டு எனக்கு நினைவுக்கு வந்துவிடும். அந்த வீட்டை இடித்து இப்போது லாட்ஜ் கட்டிவிட்டார்கள்.

புருஷனோடு வாழப் பிடிக்காமல் போடிமெட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய அத்தை, கையில் கொண்டுவந்தது சிவப்பாகப் பூக்கும் ஓர் ஆந்தூரியத் தொட்டி மட்டும்தான். அதன் இலைகளைத் தினமும் ஈரத்துணியால் துடைப்பாள். மீன்தண்ணீரைப் புழு நெளியும்வரை புளிக்கவைத்து வேரில் ஊற்றுவாள். பக்கத்துக் கொடியில் காயும் என் பள்ளிக்கூடப் பாவாடையில் அந்த நாற்றம் ஏறி, வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். ஒருநாள் குமட்டல் தாளாமல், நான் வடித்த கொதிக்கிற கஞ்சியை அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன்.

மூன்றே நாளில் தண்டு கொழகொழவென்று அழுகியது. அதைக் கையால் வழித்தெடுத்த அத்தை, மண்ணில் கிடந்த சோற்றுப் பருக்கைகளைப் பார்த்தாள்; பிறகு என்னைப் பார்த்தாள்.

“யாரு செஞ்ச சோலி இது?” என்று அப்பா அதட்டினார்.

“யாருமில்லண்ணே. நாந்தேன் தண்ணிய சாஸ்தியா ஊத்திட்டேன்.”

அப்பா போனதும், அழுகல் ஒட்டிய அந்தக் கையாலேயே என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனாள். நான் தலையைக் கழுவவில்லை. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.