பென்சிலில் எழுதிய ஃபாரம்

ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: எந்தக் கல்லூரிக்குள்ளும் கால் வைக்காமலே எல்லாக் கல்லூரிகளின் பெயரும், முகவரியும், பின்கோடும் மனப்பாடமாகிவிடும்.

சிவகாசி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் வாசலில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு ஸ்டாம்ப் பேடு, நான். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த பத்து வருடங்களில் பெரும்பகுதி எனக்கு அங்கேதான் போனது. உதவித்தொகை, கல்விக் கடன், வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று எதைக் கேட்டாலும் எழுதித் தருவேன். நீங்களும் ஒரு காலத்தில் மூன்று செட் ஜெராக்சைக் கையில் வைத்துக்கொண்டு, பச்சை மையில் கையெழுத்துப் போட ஒரு அதிகாரியைத் தேடி அலைந்தவர் என்றால் நாம் சொந்தக்காரர்கள். உட்காருங்கள், பெஞ்சில் இடம் இருக்கிறது.

நானும் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள்தான். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு வரச் சொல்லிக் கடிதம்கூட வந்தது. தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலை பார்த்த என் அப்பா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவது என்று கேட்டார். அதற்கும் உதவி உண்டு, அதற்கும் ஒரு ஃபாரம் உண்டு என்று சொல்ல அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு ஆள் இல்லை. கடிதம் ரேஷன் கார்டு உறைக்குள் போய்விட்டது, நான் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போனேன்.

ஆனாலும் ஆசை விடவில்லை. எங்கள் கடையில் அஞ்சல் வழிப் பட்டப்படிப்பு ஃபாரமும் விற்போம். ஒவ்வொரு ஜூனிலும் எனக்கென்று ஒன்றை எடுத்து, பென்சிலால் பெயரை எழுதி டிராயரில் வைப்பேன். கடைசித் தேதியன்று யாராவது மூச்சிரைக்க ஓடி வந்து நிற்பார்கள், கடையில் ஃபாரம் தீர்ந்திருக்கும். நான் ரப்பரை எடுப்பேன். இப்படியே ஆறு வருடம்.

ஐந்தாவது கட்டம்

கல்விக் கடன் ஃபாரத்தில் கட்டணத்தை எழுதச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் பலருக்கு நாலு கட்டம் போதும், ஒன்று சும்மா கிடக்கும். இரண்டு மூன்று வருடத்தில் ஐந்தாவது கட்டமும் நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு பஸ் கட்டணம், கட்டட நிதி, லேப் கட்டணம் என்று தனித்தனி வரிகள் முளைத்தன. கல்லூரிக்கு உள்ளே என்ன சொல்லிக் கொடுத்தார்களோ, வெளியே எல்லாரும் கூட்டல் நன்றாகப் படித்தார்கள்.

அப்படி ஒரு ஜூனில் ஆனைக்குட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், மகனுக்கு இன்ஜினியரிங் சீட்டு. உதவித்தொகை ஃபாரத்தில் வருமானத்தைக் குறைத்து எழுதச் சொன்னார், எழுதினேன். பேங்க் ஃபாரத்தில் கூட்டி எழுதச் சொன்னார், இல்லாவிட்டால் கடனைத் திருப்பிக் கட்டுவார் என்று எப்படி நம்புவார்கள். அதையும் எழுதினேன். எழுதிய கையோடு இரண்டையும் கவர் மாற்றிப் போட்டு ஒட்டிவிட்டேன். இந்த வருமானத்தில் எப்படிக் கட்டுவீர்கள் என்று பேங்கில் விரட்ட, இவ்வளவு வருமானத்துக்கு உதவித்தொகை எதற்கு என்று கல்லூரியில் விரட்ட, மனுஷன் நாலாம் நாள் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அவர் டீ வாங்கி எனக்கும் ஒன்று கொடுத்தார். தைரியம் வந்து, இதில் எதுதான் உண்மையான வருமானம் என்று கேட்டேன்.

"ரெண்டும் நெசந்தான் தாயி. ஒண்ணு தீவாளிக்கு முந்தி, இன்னொண்ணு தீவாளிக்குப் பெறகு."

பெருவிரல்

மாரியம்மாள் தாயில்பட்டிக்காரர். பட்டாசு யூனிட்டில் மருந்து செலுத்துகிற வேலை. மகள் பாண்டீஸ்வரிக்கு விருதுநகர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் கிடைத்திருந்தது. நான் சேர நினைத்ததும் எலெக்ட்ரானிக்ஸ்தான். அதனாலோ என்னவோ, அந்த ஃபாரத்தை மட்டும் பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதினேன். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் மாரியம்மாள் கைநாட்டு வைத்தார். ரேகை விழவில்லை. அலுமினியப் பொடி விரல் கோடுகளில் எல்லாம் ஏறி அடைத்திருக்க, பேப்பரில் ஊதா நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் விழுந்து மினுமினுத்தது.

பேங்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு வர வேண்டுமாம். நாலு நாள் வேலைக்குப் போகாமல் இருந்தால் தானே போய்விடும் என்று நான் யோசனை சொன்னேன். சீசன் நேரத்தில் சொல்கிற யோசனையா அது! மாரியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புளியும் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, திங்கட்கிழமை கம்பெனி வேனுக்கு முந்தி வந்து நின்றார். தோல் சிவந்திருந்தது, ரேகை தெளிவாக விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மற்ற ஃபாரமெல்லாம் முடிகிற வரைக்கும் விரலை இப்படியே வைத்திருங்கள் என்றேன்.

"பிள்ள படிச்சு முடிக்கிற மட்டும் இது ஒட்டத்தான் செய்யும் தாயி. இது போயிருச்சுன்னா ஃபீசும் போயிரும்."

நகைக் கடன்

எழுதிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. ஆனால் பேங்குக்குத் துணைக்கு வரச் சொல்லி மாரியம்மாள் கேட்டார், போனேன். எந்த பேங்க், எந்த மேனேஜர் என்பதெல்லாம் வேண்டாம். அன்றைக்கு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். "பொம்பளப் பிள்ளை. படிச்சு முடிச்சதும் கட்டிக் குடுத்துருவீங்க. அப்புறம் கடனை யாரும்மா கட்டுவா?"

பாண்டீஸ்வரி தரையைப் பார்த்தாள். எனக்குப் பதில் தெரியும், ஆனாலும் ஃபைலில் தாள்களை அடுக்கிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என் அப்பா எதிரேயும் இப்படித்தான் நின்றேன். மாரியம்மாள் மட்டும் அசரவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"நாளைக்கு இவள கட்டிக் குடுக்கணும், நகைக் கடன் வேணும்னு வந்து நின்னா குடுப்பீகள்ல சார்? அத இப்பமே படிப்பாக் குடுத்துருங்க."

தேடிப் போன பணம்

உதவித்தொகையின் குணம் உங்களுக்குத் தெரியும். கட்டணம் ஜூனில் கட்ட வேண்டும், உதவித்தொகை மாசி மாதம்தான் வந்து சேரும். இடைப்பட்ட மாதங்களைத் தாண்டுவது அவரவர் சாமர்த்தியம். ஏழாயிரம்பண்ணையிலிருந்து கருப்பசாமி என்று ஒருத்தன் என்னிடம் ஃபாரம் எழுதி பி.எஸ்சி. சேர்ந்திருந்தான். வீட்டுக்கு நிலையான முகவரி கிடையாது என்று எங்கள் கடை முகவரியையே போட்டிருந்தேன். அடுத்த வருடம் பிப்ரவரியில் கடைக்கு ஒரு தபால் வந்தது. உதவித்தொகை வந்துவிட்டது, கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவும் என்று இருந்தது. எனக்கே பணம் வந்த மாதிரி சொல்லி அனுப்பினேன்.

வந்தவனின் நகக்கண்ணில் அச்சு மை இருந்தது. கார்த்திகையிலேயே கல்லூரியிலிருந்து நின்றுவிட்டானாம், ஆப்செட் பிரஸ்சில் வேலையாம். காலண்டர் சீசன் என்பதால் சேர்த்துக்கொண்டார்களாம். படிப்பை விட்டவனுக்கு அந்தப் பணம் கிடையாது. ஒரு வார்த்தை முன்னால் வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று அவனைத் திட்டினேன். சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? அவன் தபாலை இரண்டு தடவை படித்துவிட்டு ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்தான்.

"பணம் என்னயத் தேடி காலேஜுக்குப் போயிருக்குக்கா. நான் இங்கன இருக்கேன்னு அதுக்கு ஆரு சொல்றது?"

மூன்றாம் மாடி

கருப்பசாமி விஷயத்துக்குப் பிறகு எனக்குத் தபாலில் நம்பிக்கை போய்விட்டது. பாண்டீஸ்வரி மூன்றாம் வருடம் போனபோது, இந்த மாணவி இங்கேதான் படிக்கிறார் என்று கல்லூரி தருகிற சான்றிதழை பேங்கில் கேட்டார்கள். அவளுக்கு அந்த வாரம் முழுக்க லேப் பரீட்சை. நானே வாங்கி வருகிறேன் என்று கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டேன். சான்றிதழ் வாங்கப் போகிறவளுக்கு நல்ல சேலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள்.

அலுவலகம் கீழேயே இருந்தது, சான்றிதழும் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. நான் திரும்பாமல் படியேறினேன். மூன்றாம் மாடியில் எலெக்ட்ரானிக்ஸ் என்று பலகை. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் ஏதோ சர்க்யூட் வரைந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருந்தது. பன்னிரண்டு வருடமாக நான் மனதுக்குள் போய் உட்கார்ந்த இடம் அதுதான் என்று தோன்றியது. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூண் மறைவில் நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்த அட்டெண்டர், வயசானவர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"லேட்டாயிருச்சுன்னு வெளிய நிக்காதம்மா. உள்ள போயி உக்காரு, சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

கடைசித் தேதி

நான் உள்ளே போகவில்லை. போயிருந்தால் எழுந்து வந்திருக்க மாட்டேன். பஸ்ஸில் அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. அன்று சாயங்காலமே டிராயரைத் திறந்து, பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதினேன். பெயர், பிறந்த தேதி, பிளஸ் டூ மார்க் எல்லாம் மையில். இத்தனை வருடம் ஊரார் பெயரையெல்லாம் ஒரே வீச்சில் எழுதியவள், என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.

கடைசித் தேதி வந்தது. பாண்டீஸ்வரியின் சான்றிதழை வாங்கிக்கொண்டு போக மாரியம்மாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல ஒரு பெண் ஓடி வந்தாள். அதே ஃபாரம்தான் வேண்டும், கடையில் தீர்ந்துவிட்டது. என் கை பழக்கத்தில் டிராயருக்குப் போய் ஃபாரத்தை வெளியே எடுத்துவிட்டது, மற்ற கை ரப்பரைத் தேடியது. அப்புறம்தான் மையைப் பார்த்தேன். "விருதுநகர் படிப்பு மையத்திலேயே ஃபாரம் குடுக்கறாங்கம்மா. இப்பப் பொறப்படுற பஸ்ஸப் பிடிச்சா அங்கேயே எழுதிக் குடுத்துரலாம்" என்று சொல்லி, என்னென்ன ஜெராக்ஸ் வேண்டும் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவளை அனுப்பினேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

மேசைமேல் கிடந்த ஃபாரத்தில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம். முப்பது வயதுக்காரி என்றாலும் ஃபாரம் அதைக் கேட்கத்தான் செய்யும். என் அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டார், அப்பா போய் நாலு வருடம். அவர் இருந்திருந்தால் இந்தத் தடவை போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். "என்ன தாயி, ஆரு ஃபாரம் இது?" என்று மாரியம்மாள் கேட்டார். என்னுடையது என்றேன். அவர் எழுந்து வந்து எந்த இடம் என்று மட்டும் கேட்டார். காட்டினேன். ஸ்டாம்ப் பேடைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவர், பெருவிரலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். வேனிலிருந்து நேராக வந்திருந்தார். விரல் முழுக்க வெள்ளி மாதிரி மின்னியது.

"கழுவிட்டு வந்துரட்டுமா தாயி?"

வேண்டாம் என்றேன். மினுமினுத்த அந்த வட்டத்தோடே அனுப்பினேன், அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள்; இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் ஃபாரம் எழுதியதில் நான் கண்டது, பென்சிலில் பெயர் எழுதினவளை மட்டும் எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்வதில்லை என்பதுதான்.