அக்காவின் மீன்குளம்

கைவலையைச் சரித்து, வெள்ளை வயிறு தெரிய மிதந்த மீன்களைத் தம்பி கரைப்பக்கம் ஒதுக்கினார். அக்கா வாரிக் கூடையில் போட்டாள். கரைமேல் அக்கா வீட்டுக்காரர் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, மாடி மேல மாடி கட்டுற ஆளு, மீனுக்குக் குழி மூட வந்துட்டீங்க," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

வலை பிடித்திருந்த தம்பியை வேலையிடத்தில் ரசமட்டம் என்பார்கள். யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். மட்டம் பார்க்கிற கருவியின் பெயர் கேலியாக வந்து ஒட்டிக்கொண்டது. அப்பா போன பிறகு அக்கா கலவைச் சட்டி தூக்கினாள், இவர் கொத்தனாராகக் கரணை பிடித்தார். கல்யாணமானதும் அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு மீன் வளர்க்கப் போனாள். இவர் சுவரிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து மாடிக்கும் ஏறினார்.

இப்போது குளத்துக்கு மேலே இரண்டு தெரு தள்ளி ஐந்து மாடி எழுப்புகிறார். அங்கே கான்கிரீட் லாரி கழுவிய தண்ணீர் கால்வாயில் இறங்குவதாகத் தெருக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து பார்க்க வந்த பெண் அதிகாரி, லாரி யாருடையதானாலும் கட்டுகிறவர்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். குளத்துத் தண்ணீரில் காரத்தன்மை ஏறியிருந்தது. இவருடைய வக்கீல் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். மீன்குளத்தில் சுண்ணாம்பு போடுவார்கள், காரம் அதிலிருந்தும் வரும். குளத்துக்காரர்களே அளவு தப்பிவிட்டார்கள் என்றால் வழக்கு நிற்காது. ரசமட்டம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கழுவிய தண்ணீர் குளம்வரை வந்திருக்காது என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். நாளை அந்த அலுவலகத்தில் பதில் கொடுக்க வேண்டும்.

மாமா தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனதும் அக்கா கூடையைக் கீழே வைத்தாள்.

"தம்பி, மாமாகிட்ட சொல்லிடாத. போன வாரம் சுண்ணாம்பு போட்டது நான்தான். கை தாராளமாப் போயிடுச்சோன்னு இருக்கு. நானே கொன்னுட்டேன்டா."

வக்கீல் தேடிய சாட்சி முழங்கால் தண்ணீரில் நின்று மூக்கைச் சிந்தியது.

அவர் கால்வாய்த் தண்ணீர் உள்ளே வரும் குழாய்ப் பக்கம் போனார். குழாய் வாயில் கட்டிய கம்பிவலையில் சாம்பல் நிறமாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பெயரவில்லை. சுண்ணாம்பானால் தண்ணீருக்குள் குழைந்து கிடக்கும். இது கல்லாக இறுகியிருந்தது. தண்ணீருக்குள்ளேயே இறுகுவது எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வலையை அவிழ்த்து அக்கா கையில் கொடுத்தார்.

"தொட்டுப் பாரு. எத்தனை சட்டி தூக்கியிருக்க, தெரியாதா உனக்கு? உன் சுண்ணாம்பு இல்லக்கா. இது என் சிமெண்டு."

அக்கா தடவிப் பார்த்தாள். பிறகு இதை வெளியே சொல்லாதே, வீணாகக் கேசில் மாட்டிக்கொள்வாய் என்றாள். மாமா திரும்பி வந்ததும் தம்பியே எல்லாவற்றையும் சொன்னார். மாமா மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டார்.

"அப்ப இவ ரெண்டு நாளா சோறு திங்காம கிடந்தது எதுக்கு?"

பசிக்கவில்லை என்றாள் அக்கா.

மறுநாள் காலை ரசமட்டம் தனியாக அலுவலகம் போனார். வக்கீல் போனில் கத்திவிட்டு வைத்துவிட்டார். லாரி கழுவிய தண்ணீர் தன் இடத்திலிருந்து போனதுதான் என்று இவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரி கழுவத் தனிக் குழி வெட்டும்வரை வேலை நடக்கக்கூடாது என்றார்கள். அபராதத்தையும் நஷ்டஈட்டையும் நீதிமன்றம் முடிவு செய்யும். மதியம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார். குளத்துத் தண்ணீரை அள்ளிப் போக டேங்கர் வந்தது. பாதிக் குளம் வற்றியது. மீதிக்கு அடுத்த நாள் வருவதாக டிரைவர் சொன்னார்.